டேனா 60 முன் ஆக்ஸில் வாங்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் எண்பதுகளின் செவர்லே கே10 பிக்கப்பையோ கே5 பிளேசரையோ காட்டுப் பாதைக்குத் தயார் செய்பவர்கள், பெரிய டயர் போட முடிவு செய்ததுமே தேடுவது டேனா நிறுவனத்தின் டேனா 60 என்ற கனரக முன் ஆக்ஸிலைத்தான். காரணம் நியாயமானது. அந்த வண்டிகளில் வழக்கமாக வந்த 10 போல்ட் ஆக்ஸிலில் கிரவுன் வீல் (சக்கரங்களுக்கு விசையைக் கொடுக்கும் பெரிய பல்சக்கரம்) விட்டம் 8.5 அங்குலம், டேனா 60-இல் 9.75. ஆனால் '60' என்ற எண்ணைக் கேட்டதும் பணத்தை நீட்டுகிறவர்கள்தான் அப்புறம் வெல்டிங் பட்டறையே கதி என்று கிடக்கிறார்கள். பலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அது எந்த 60-இலும் போதுமான அளவு இருக்கும். உங்கள் வண்டியில் அது உட்காருமா என்பதுதான் கேள்வி.

பெரிய தவறு, டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் கிரவுன் வீல் இருக்கும் உருண்டைப் பகுதி) எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்குவது. என்ஜின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஷாஃப்ட் எந்தப் பக்கம் இறங்குகிறதோ, ஆக்ஸிலிலும் டிஃபரன்ஷியல் அதே பக்கம் இருக்க வேண்டும். 1977 முதல் 1991 வரை ஒரு டன் வகை (அதிகச் சுமைக்கான) செவர்லேக்களில் வந்த டேனா 60-க்கு அது வலப்பக்கம், அதாவது அமெரிக்க வண்டியில் பயணி பக்கம். ஃபோர்டு எஃப்-350-இல் வந்ததற்கு இடப்பக்கம். ஃபோர்டு ஆக்ஸிலின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. அதில் பினியன் (ஷாஃப்ட் வந்து இணையும், கிரவுன் வீலைச் சுழற்றும் சிறு பல்சக்கரம்) மேலே ஏறியிருப்பதால் ஷாஃப்ட் பாறையில் இடிபடுவது குறையும். முன்னோக்கி ஓடும்போது பல்லின் பலமான முகத்தில் சுமை விழும். இருந்தாலும் பழைய செவர்லேக்கு அதை வாங்கினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் மாற்ற வேண்டிவரும். போதாததற்கு, அதில் டிஃபரன்ஷியல் பக்கத்து லீஃப் ஸ்பிரிங் உட்காரும் மேடை ஹவுசிங்கோடு (வெளிக்கூட்டோடு) சேர்த்தே வார்க்கப்பட்டது, நினைத்தபடி நகர்த்த முடியாது. செவர்லேக்குச் செவர்லே ஆக்ஸிலே என் தேர்வு.

டிஃபரன்ஷியல் மூடியில் போல்ட்டை எண்ணி அடையாளம் காண்பது இன்னொரு பொறி. டேனா 44-க்கும் 10 போல்ட், 60-க்கும் 10 போல்ட். 1999-க்குப் பிந்தைய ஃபோர்டு சூப்பர் டூட்டிகள் சிலவற்றில் டேனா 50 இருக்கிறது, அதையும் 60 என்று விற்பார்கள். ஹவுசிங்கில் வார்த்திருக்கும் எண்ணையும் ஆக்ஸில் குழாயில் குத்தியிருக்கும் எண்ணையும் கம்பி பிரஷால் தேய்த்துப் படியுங்கள். புதுப் பெயின்ட் பளபளத்தால் இன்னும் அழுத்தித் தேய்க்கலாம்.

பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட வண்டியிலிருந்து கழற்றிய முன் ஆக்ஸில் மலிவாகக் கிடைக்கும். அதன் ஹப் (சக்கரம் மாட்டும் குடம்) வெளியே நீண்டிருக்கும். சாதாரண ரிம் மாட்டினால் டயர் வண்டிக்கு வெளியே துருத்தும். ஒற்றைச் சக்கர ஹப், ரோட்டர் வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு காணாமல் போய்விடும். சூப்பர் டூட்டி ஆக்ஸிலில் வீல் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 170 மில்லிமீட்டர், பழைய செவர்லேயில் 6.5 அங்குலம். இரண்டிலும் 8 போல்ட் என்பதை வைத்து ஏமாற வேண்டாம்.

முன்னும் பின்னும் கியர் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) ஒத்துப்போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்னால் 4.10, பின்னால் 3.73 என்று வைத்துக்கொண்டு கெட்டித் தரையில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது. பலர் மறப்பது வேறொன்று: டேனா 60-இல் 4.10 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு), 4.56-இலிருந்து மேலே வேறு கேரியர். 4.10 ஆக்ஸிலை வாங்கி 4.56 ஆக்க நினைத்தால் கியர் செட் மட்டும் போதாது.

வண்டியை உயர்த்தியவர்கள், ஷாஃப்ட் கோணத்தைச் சரி செய்ய ஆக்ஸிலைத் திருப்பிப் பினியனை மேலே தூக்குவார்கள். அப்படித் திருப்பும் ஒவ்வொரு டிகிரியும் காஸ்டரிலிருந்து (வண்டியை நேராக ஓட வைக்கும் ஸ்டீயரிங் அச்சின் சாய்விலிருந்து) போகிறது. ஷாஃப்ட் சத்தம் நிற்கும், ஆனால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைபாயும். முறையான வழி, குழாய் முனையில் வெல்டு செய்திருக்கும் உள் நக்கிளை (சக்கரம் திரும்பும் மூட்டைத் தாங்கும் பகுதியை) வெட்டித் திருப்பி மறுபடி வெல்டு செய்வது. அது தெரிந்த பட்டறையில் செய்ய வேண்டிய வேலை.

தேய்ந்த கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) மட்டும் இருந்தால் ஆக்ஸிலை ஒதுக்க வேண்டியதில்லை. மேல் புஷ், கீழ் பேரிங் இரண்டும் சுலபமாகக் கிடைக்கும். விலையைக் குறைக்கப் பேசுங்கள். குழாய் வளைந்திருந்தாலோ நக்கிளில் விரிசல் தெரிந்தாலோ பேரமே வேண்டாம், அடுத்த பழைய வண்டி யார்டுக்குப் போய்விடலாம்.