ஆத்தங்குடிக் கல் பட்டறையைப் பற்றி நிகழ்வாய்வு எழுதும் முறை

காரைக்குடி வட்டாரத்தில் வணிக நிர்வாகம் பயிலும் மாணவர்கள் நிகழ்வாய்வு (ஒரு நிறுவனத்தில் நடந்ததை ஆராயும் கட்டுரை) எழுதும்போது, நிறுவனத்தின் முழு வரலாற்றையும் சொல்லப் புகாமல், முதலாளி முடிவெடுத்தே தீர வேண்டிய ஒரு சிக்கலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வெளியூருக்கு அனுப்பிய ஆத்தங்குடிக் கற்கள், அதாவது தரையில் பதிக்கும் சிமென்ட் ஓடுகள், உடைந்து போய்ச் சேர்ந்தால் அந்த நட்டம் யாரைச் சேரும் என்பது அத்தகைய சிக்கல்.

முதலில் பட்டறையில் நின்று வேலையைக் கவனியுங்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமென்ட்டும் மணலும் இட்டு உருவாக்கும் இந்தக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. ஆகவே, லாரிக்காரரைக் குறை சொல்லும் முன், அவசர ஆர்டருக்காக ஊறும் நாளைக் குறைத்தார்களா என்று விசாரிக்க வேண்டும்.

பிறகு ஊறவைத்த தேதி, பில், லாரி ரசீது, சரக்கைப் பெற்றவர் கையொப்பமிட்ட சீட்டு ஆகியவற்றை ஒத்துப் பாருங்கள். பேரேடு எழுதிப் பழகிய மண் இது. தாள் இல்லாமல் இராது, காட்டத்தான் தயங்குவார்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் போயிருந்தால், இ-வே பில்லில் (சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டில்) உள்ள வாகன எண்ணைக் கொண்டு வழியில் வண்டி மாறியதா என்பதையும் அறியலாம்.

உடைந்த கல்லுக்காகச் சுமை ஏற்றியவரின் கூலியில் பிடித்தார்களா என்பதை முதலாளி இல்லாத இடத்தில் கேளுங்கள். ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே, அதுவும் அவர் விளக்கமளிக்க வாய்ப்புத் தந்த பிறகே, பிடித்தம் செய்ய 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு இடம் தருகிறது. பெயர்களை மாற்றி எழுதி, வெளியிடும் முன் எழுத்துபூர்வமான ஒப்புதல் பெறுங்கள்.