தாத்தா வைத்த முந்திரியைக் காப்பாற்றிய விதம்

பண்ருட்டிப் பக்கம், எங்கள் வீட்டுக் கொல்லையில் தாத்தா வைத்த முந்திரி மரம் நிற்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் சுற்றியிருந்த மரங்களெல்லாம் வேரோடு சாய, இது மட்டும் தப்பியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதன் இலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கின. வறட்சி என்று எண்ணித் தண்ணீரும் தொழுவுரமும் கொடுத்தேன். பலனில்லை.

அடிமரத்தை மூடிக் கிடந்த சருகை விலக்கிய அன்றுதான் காரணம் தெரிந்தது. பட்டை வெடிப்புகளில் பிசின் வடிந்திருந்தது. அதில் மென்று துப்பியதுபோல் ஈரமான மரத்தூள் ஒட்டியிருந்தது. தண்டு துளைப்பான்!

வேர்க்கழுத்து தெரியும்வரை மண்ணைப் பறித்தேன். புழு குடைந்த தடத்தை மட்டும் உளியால் மெல்லச் செதுக்கினேன். நல்ல பட்டையில் உளி படவே கூடாது. பட்டை பாதிச் சுற்றுக்கு மேல் போய்விட்டால் மரம் பிழைப்பது அரிது. உள்ளே விரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள், மொத்தம் ஏழு. அத்தனையையும் எடுத்துக் கொன்றேன். லிட்டருக்கு 50 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து, அடிமரத்திலும் வெளியே தெரிந்த வேர்களிலும் நன்றாக ஊறப் பூசி, மண்ணை அணைத்தேன்.

ஒரு மாதத்தில் மறுபடியும் புதுத்தூள். இன்னும் இரண்டு புழுக்கள் கிடைத்தன. இதை எதிர்பார்த்தே அடிமரத்தைச் சருகு இல்லாமல் வைத்திருந்தேன்.

இந்தத் தை மாதம் செந்தளிரும் பூங்கொத்தும் விட்டிருக்கிறது. அம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.