அமெரிக்காவில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம்? நீங்களே கணக்குப் போடலாம்

2010-க்கும் 2020-க்கும் இடையில் நியூயார்க் மாநிலத்தின் மக்கள்தொகை எட்டு லட்சத்துக்கும் மேல் கூடியது. ஆனால் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அதற்கு இருந்த 27 இடங்கள் 26 ஆகிவிட்டன. ஆள் கூடியும் இடம் எப்படிக் குறையும்? கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

படி 1: 435 என்று எழுதிக்கொள்ளுங்கள்

சபையின் மொத்த இடங்கள் இவ்வளவுதான். 1929-இல் வந்த சட்டம் இதை நிலைநிறுத்தியது. மக்கள் பெருகினாலும் எண்ணிக்கை கூடாது. ஒரு மாநிலம் பெற்றால் இன்னொன்று இழக்க வேண்டும். 1910 கணக்கெடுப்பின்போது ஓர் உறுப்பினருக்குச் சுமார் 2,10,000 பேர், 2020-இல் 7,61,169 பேர். சபையைப் பெரிதாக்குவதே நியாயம் என்பேன்.

படி 2: சரியான மக்கள்தொகையை எடுங்கள்

பத்து ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 1-ஆம் தேதி நிலவரப்படி கணக்கெடுக்கிறார்கள். அங்கே வசிக்கும் எல்லோரும் கணக்கில் உண்டு. குடியுரிமை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வெளிநாட்டில் பணியாற்றும் ராணுவத்தினரும் மத்திய அரசு ஊழியர்களும் அவரவர் சொந்த மாநிலக் கணக்கில் சேர்வார்கள். தலைநகர் வாஷிங்டனுக்கு இந்தப் பங்கீட்டில் இடமில்லை.

படி 3: ஆளுக்கொன்று கொடுங்கள்

ஐம்பது மாநிலத்துக்கும் தலா ஓர் இடம் உறுதி. மீதி 385.

படி 4: வகுத்துப் பாருங்கள்

இங்கேதான் கவனம் வேண்டும். இரண்டாம் இடத்துக்கு, மக்கள்தொகையை 1×2-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். மூன்றாம் இடத்துக்கு 2×3-இன் வர்க்கமூலம். இப்படியே மேலே போகலாம். 1941 முதல் இதுதான் முறை.

மொன்டானாவை எடுங்கள். 10,85,407-ஐ 1.41421-ஆல் வகுத்தால் சுமார் 7,67,500 வரும். இது இரண்டாம் இடத்துக்கான அதன் மதிப்பெண்.

படி 5: வரிசைப்படுத்தி 385-இல் நிறுத்துங்கள்

எல்லா மாநிலங்களின் மதிப்பெண்களையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். 2020-இல் கடைசி இடத்துக்கு நடந்த போட்டியைப் பாருங்கள்:

மின்னசோட்டா, 8-ஆம் இடம்: 57,09,752 ÷ √(7×8) = 7,62,998

நியூயார்க், 27-ஆம் இடம்: 2,02,15,751 ÷ √(26×27) = 7,62,994

கடைசி இடம் மின்னசோட்டாவுக்குப் போனது. மற்ற மாநிலங்களின் கணக்கு அப்படியே இருந்து, நியூயார்க்கில் இன்னும் 89 பேர் மட்டும் கூடுதலாகப் பதிவாகியிருந்தால் முடிவு மாறியிருக்கும். இரண்டு கோடிப் பேரில் வெறும் 89! கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பாமல் விடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

படி 6: பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள்

இப்போது நாட்டுக்குள் மக்கள் நகர்ந்த திசை தெரியும். டெக்சாஸுக்கு 2 இடம் கூடியது. புளோரிடா, வட கரோலினா, கொலராடோ, ஓரிகன், மொன்டானா தலா ஒன்று பெற்றன. நியூயார்க், பென்சில்வேனியா, ஓஹாயோ, மிச்சிகன், இல்லினாய், மேற்கு வர்ஜீனியா, கலிபோர்னியா தலா ஒன்றை இழந்தன. கலிபோர்னியா இழந்தது அதன் வரலாற்றிலேயே முதல்முறை. அங்கும் மக்கள்தொகை கூடத்தான் செய்தது. நாட்டின் சராசரி வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நீண்ட காலக் கணக்கு இன்னும் துலக்கமானது. 1940 கணக்கெடுப்புக்குப் பின் நியூயார்க்குக்கு 45 இடம், புளோரிடாவுக்கு 6. இன்று 26-க்கு 28. தெற்கே வேலை, குறைந்த வீட்டு விலை, ஓய்வுபெற்றோர் குடியேற்றம், ஏசி வசதி எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

1920-இல் மக்கள் கிராமங்களிலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்தது கணக்கில் தெரிந்ததும், நாடாளுமன்றம் பங்கீட்டையே செய்யாமல் விட்டுவிட்டது. நகரவாசிகளுக்கு அது பெரிய அநியாயம்.

படி 7: இரண்டைக் கூட்டுங்கள்

ஒவ்வொரு மாநிலத்துக்கும் செனட்டர்கள் இரண்டு பேர். அந்த இரண்டையும் சபை இடங்களோடு கூட்டினால், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் அம்மாநிலத்துக்கு எத்தனை வாக்குகள் என்பது கிடைக்கும். 2024 தேர்தலில் டெக்சாஸுக்கு 40, நியூயார்க்குக்கு 28. அடுத்த கணக்கெடுப்பு 2030-இல் வரும்வரை இதே எண்கள்தான்.