ஜிசிசி கம்பைலரை வேறொரு கணினிக்காகக் கட்டுதல்: பில்ட், ஹோஸ்ட், டார்கெட்

இன்டெல் மடிக்கணினியில் எழுதும் நிரலை ராஸ்பெரி பை போன்ற ஏஆர்எம் பலகையில் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு, டெபியனிலும் உபுண்டுவிலும் கிராஸ் கம்பைலர், அதாவது ஒரு கணினியில் ஓடி வேறு வகைக் கணினிக்கான நிரலை உருவாக்கும் கருவி, ஆயத்தப் பொதியாகவே கிடைக்கிறது. அது போதுமென்றால் அதை நிறுவிக்கொண்டு வேலையைப் பார்ப்பதே நல்லது. ஆனால் லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி பலகையில் பழையதாகவும், மடிக்கணினியில் வந்த பொதி புதியதாகவும் இருந்தால், இங்கே ஒரு பிழையும் காட்டாமல் உருவான நிரல், அங்கே ஜிலிப்சி 2.34 இல்லையென்று சொல்லித் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அப்போதுதான் ஜிசிசி என்ற கம்பைலரை மூலநிரலிலிருந்து நாமே கட்ட வேண்டிய தேவை வருகிறது. கட்டளைகளையும் தெரிவுகளையும் கீழே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் உள்ளிட வேண்டும்.

கட்டுவதற்கு முன் மூலநிரலை நம் தேவைக்கேற்ப அமைத்துத் தரும் கான்ஃபிகர் நிரலுக்கு மூன்று இயந்திரங்களைப் பற்றித் தெரிய வேண்டும். கம்பைலர் எந்தக் கணினியில் கட்டப்படுகிறதோ அது பில்ட். கட்டி முடிந்த கம்பைலர் எந்தக் கணினியில் ஓடப்போகிறதோ அது ஹோஸ்ட். அந்தக் கம்பைலர் உருவாக்கித் தரும் நிரல்கள் எந்தக் கணினியில் ஓடுமோ அது டார்கெட். மூன்றும் ஒன்றாக இருந்தால் அது சாதாரண நேட்டிவ் கம்பைலர். பில்டும் ஹோஸ்டும் ஒன்றாக இருந்து டார்கெட் மட்டும் வேறாக இருந்தால் அது கிராஸ் கம்பைலர்.

இவற்றில் ஆளைக் குழப்புவது ஹோஸ்ட் என்ற சொல்தான். பலகைகளோடு பழகியவர்கள் தாம் உட்கார்ந்து வேலை செய்யும் கணினியையே ஹோஸ்ட் என்று சொல்வது வழக்கம். கான்ஃபிகர் நிரலை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் கருவியின் வழக்கில் அது செல்லாது. இங்கே இந்தப் பெயர்கள் கணினிகளுக்கு நிரந்தரமாக ஒட்டப்பட்டவை அல்ல. இப்போது எந்தப் பொருளைக் கட்டுகிறோமோ அந்தப் பொருளின் பக்கத்திலிருந்து பார்த்துச் சூட்டப்படுபவை. ஜிசிசியைக் கட்டும்போது டார்கெட் எனப்படும் அதே ஏஆர்எம் பலகை, ஜிலிப்சியைக் கட்டும்போது ஹோஸ்ட் ஆகிவிடுகிறது, ஏனென்றால் ஜிலிப்சி ஓடப்போவது அந்தப் பலகையில்தான். ஜிலிப்சி எந்தக் குறிமுறையையும் உருவாக்கித் தருவதில்லை என்பதால் அதற்கு டார்கெட் என்ற ஒன்றே தேவையில்லை. இது மனதில் பதிந்துவிட்டால் இனி வருவதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

இயந்திரங்களின் பெயர், செயலி, தயாரிப்பாளர், இயங்குதளம் ஆகியவற்றைச் சிறுகோடுகளால் இணைத்து எழுதப்படுகிறது. 64 பிட் இன்டெல் லினக்ஸ் கணினி எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-ஜிஎன்யு. 64 பிட் ஏஆர்எம் லினக்ஸ் பலகை ஏஆர்ச்64-லினக்ஸ்-ஜிஎன்யு. நம் கணினியின் பெயர் தெரியாவிட்டால், மூலநிரலோடு வரும் கான்ஃபிக்.கெஸ் என்ற ஸ்கிரிப்டை ஓட்டினால் சொல்லிவிடும். ஏஆர்எம் பலகையின் பெயரில் தயாரிப்பாளரை விட்டுவிட்டு எழுதினால், கான்ஃபிக்.சப் என்ற மற்றொரு ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் அன்நோன் என்று இட்டு நிரப்பிக்கொள்ளும்.

இந்த நிரப்பலை நம்பி நான் ஒருமுறை ஓர் இரவை வீணடித்திருக்கிறேன். அசெம்ப்ளர் முதலிய துணைக் கருவிகளின் தொகுப்பான பின்யூட்டில்ஸுக்கு அன்நோன் சேர்ந்த நீண்ட பெயரையும் ஜிசிசிக்குக் குறுகிய பெயரையும் கொடுத்தேன். இரண்டும் ஒரே இயந்திரம்தானே என்று நினைத்தேன். கம்பைலர் கட்டி முடிந்தது, ஆனால் அடுத்ததாக ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசியைத் தொகுக்கத் தொடங்கியதும் -இஎல் என்ற தெரிவு தனக்குத் தெரியாது என்று அசெம்ப்ளர் முறையிட்டது. கருவிகளின் முன்னொட்டாகவும் கோப்புறைப் பெயராகவும் அமைவது நாம் கொடுத்த பெயரே தவிர, நிரப்பப்பட்ட பெயர் அல்ல. தன் பெயருக்குரிய ஏஆர்எம் அசெம்ப்ளரைக் காணாத ஜிசிசி, மடிக்கணினியின் இன்டெல் அசெம்ப்ளரை அழைத்து ஏஆர்எம் குறிமுறையைக் கையில் கொடுத்திருந்தது. ஆகவே எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் கடைசிவரை அதையே எழுத்து மாறாமல் பயன்படுத்துங்கள். ஒரு ஷெல் மாறியில் போட்டு வைத்துக்கொள்வது உத்தமம்.

இனி வேலையைத் தொடங்கலாம். எல்லாக் கருவிகளும் போய்ச் சேர வேண்டிய ஒரு கோப்புறையைப் பிரிஃபிக்ஸ் தெரிவாகவும், அதற்குள்ளேயே சிஸ்ரூட் என்ற துணைக் கோப்புறையைப் பலகையின் கோப்பு அமைப்புக்கு மாதிரியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பிரிஃபிக்ஸுக்குள் அமையும் ‘பின்’ என்ற கோப்புறையை, கட்டளைகளைத் தேடும் இடங்களைக் குறிக்கும் பாத் மாறியின் முன்னால் சேர்த்துவிடுங்கள். ஜிசிசியின் மூலநிரலில் கான்ட்ரிப் கோப்புறையிலுள்ள டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டினால் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய கணித நூலகங்கள் வந்துவிடும். ஒவ்வொரு பொருளையும் மூலநிரலுக்கு வெளியே தனிக் கோப்புறையில் கட்ட வேண்டும். தெரிவுகளை மாற்ற நேர்ந்தால் அந்தக் கோப்புறையை அப்படியே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். மிச்சமிருந்த பழைய அமைப்புகளால் வரும் பிழைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட, மீண்டும் கட்டுவதற்கு ஆகும் நேரம் எப்போதும் குறைவு.

முதலில் அசெம்ப்ளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ். பிரிஃபிக்ஸ், டார்கெட், வித்-சிஸ்ரூட் ஆகிய மூன்று தெரிவுகள் போதும். பிறகு லினக்ஸ் கர்னலின் ஹெடர் கோப்புகளை மேக் கட்டளையின் ஹெடர்ஸ்_இன்ஸ்டால் இலக்கின் மூலம் சிஸ்ரூட்டின் யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் நிறுவுங்கள். ஜிசிசி ஏஆர்ச்64 என்று அழைக்கும் செயலியைக் கர்னல் ஏஆர்எம்64 என்றே அறியும்.

அடுத்து வருவது விதை முந்தியா மரம் முந்தியா என்ற சிக்கல். ஜிலிப்சியைத் தொகுக்க ஏஆர்எம் கம்பைலர் வேண்டும். முழுமையான ஏஆர்எம் கம்பைலரைக் கட்டவோ ஜிலிப்சி வேண்டும். இதனால் ஜிசிசியை இரண்டு முறை கட்டுகிறோம். முதன்முறை சி மொழியை மட்டும் இயக்கி, வித்தவுட்-ஹெடர்ஸ், டிசேபிள்-ஷேர்ட், டிசேபிள்-த்ரெட்ஸ், வித்-நியூலிப் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். நியூலிப் என்ற நூலகத்தை நாம் பயன்படுத்தப்போவதில்லை. சி நூலகம் இன்னும் இல்லை என்பதை லிப்ஜிசிசிக்கு உணர்த்தும் வழியாகவே அந்தத் தெரிவு இங்கே உதவுகிறது. மேக் கட்டளைக்கு ஆல்-ஜிசிசி, ஆல்-டார்கெட்-லிப்ஜிசிசி ஆகிய இரண்டு இலக்குகளை மட்டும் கொடுத்து, அவற்றுக்குரிய இன்ஸ்டால் இலக்குகளால் நிறுவுங்கள். வெறும் மேக் என்று கொடுத்தால் இன்னும் கட்ட முடியாத நூலகங்களையும் கட்ட முயன்று தோற்றுப்போகும்.

இப்போது ஜிலிப்சி. ஹோஸ்ட் என்ற இடத்தில் ஏஆர்ச்64 பெயரையும், பில்ட் என்ற இடத்தில் மடிக்கணினியின் பெயரையும் கொடுங்கள். பிரிஃபிக்ஸாக இங்கே நம் கருவிக் கோப்புறையைக் கொடுக்கக் கூடாது. பலகையில் அந்த நூலகம் இருக்கும் இடமான யுஎஸ்ஆர் என்பதையே கொடுத்துவிட்டு, நிறுவும்போது மட்டும் இன்ஸ்டால்_ரூட் மாறியில் சிஸ்ரூட்டின் பாதையைக் குறிப்பிட வேண்டும். பதிப்பைப் பொறுத்தவரை, பலகையிலுள்ள ஜிலிப்சியைவிடப் புதியது வேண்டவே வேண்டாம். இத்தனை பாடும் அதற்காகத்தான். இதன்பின் புதிய கோப்புறையில் ஜிசிசியை இரண்டாம் முறை, மேற்சொன்ன தடைகளை எல்லாம் நீக்கி, சி++ மொழியையும் சேர்த்து, வித்-சிஸ்ரூட் தெரிவோடு முழுமையாகக் கட்டுங்கள்.

புதிய கம்பைலரிடம் -டம்ப்மெஷின் என்று கேட்டால் டார்கெட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு சிறு நிரலைத் தொகுத்து ரீடெல்ஃப் -ஹெச் கொண்டு பார்த்தால் மெஷின் என்ற வரியில் ஏஆர்ச்64 என்று இருக்க வேண்டும். பலகை கையில் இல்லாவிட்டால், ஏஆர்எம் செயலியைப் போல நடிக்கும் க்யூஎமு-ஏஆர்ச்64 நிரலுக்கு -எல் தெரிவில் சிஸ்ரூட்டைக் காட்டி இங்கேயே ஓட்டிப் பார்க்கலாம்.

32 பிட் ஏஆர்எம் என்றால் பெயர் மட்டும் போதாது. முதல் ராஸ்பெரி பையிலும் பை ஸீரோவிலும் இருப்பது ஏஆர்எம்வி6 செயலி. டெபியனின் 32 பிட் ஏஆர்எம் பதிப்பான ஆர்ம்ஹெச்எஃப் ஏஆர்எம்வி7-ஐ எதிர்பார்ப்பது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே என்பதால், அந்தப் பொதியின் கம்பைலரால் உருவாக்கிய நிரல் பை ஸீரோவில் இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று விழுந்துவிடும். வித்-ஆர்ச், வித்-எஃப்பியூ, வித்-ஃப்ளோட் ஆகிய தெரிவுகளை ஜிசிசியைக் கட்டும்போதே சரியாகக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்று இயந்திரங்களும் வேறுவேறாக அமைவதும் உண்டு: லினக்ஸில் கட்டி, விண்டோஸில் ஓடி, ஏஆர்எம் பலகைக்கு நிரல் தரும் கம்பைலர். இதற்குக் கனேடியன் கிராஸ் என்று பெயர். இது விவாதிக்கப்பட்ட காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்ததால் வந்த வேடிக்கைப் பெயர். இதற்கு லினக்ஸில் முன்கூட்டியே இரண்டு கிராஸ் கம்பைலர்கள் தேவை. விண்டோஸுக்கான மிங்டபிள்யூ கம்பைலர் தேவைப்படுவது வெளிப்படை. இரண்டாவதையே பலர் மறக்கிறார்கள்: புதிதாகப் பிறக்கும் கம்பைலர் லினக்ஸில் ஓடாது என்பதால், லிப்ஜிசிசி போன்ற டார்கெட் நூலகங்களைத் தொகுக்க, அதே பதிப்பில் லினக்ஸில் ஓடும் ஏஆர்எம் கம்பைலர் ஒன்று வேண்டும். மேலே கட்டியதே அதற்குப் போதும். பிரிஃபிக்ஸுக்குள் சிஸ்ரூட் இருப்பதால் கோப்புறையை எங்கே நகர்த்தினாலும் கம்பைலர் அதைக் கண்டுகொள்ளும். ஆனால் கர்னலின் நெட்ஃபில்டர் ஹெடர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு மட்டுமே கொண்ட இணைப் பெயர்கள் உள்ளன. அவற்றை விண்டோஸில் பிரித்தெடுக்கும்போது ஒன்று மற்றொன்றின் மீது எழுதப்பட்டுவிடும் என்பதால், அந்த ஹெடர்கள் தேவைப்படுகிறவர்கள் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும் கோப்புறையிலேயே அவற்றை விரிக்க வேண்டும்.