மினரல் பவுடர் போட்டால் முகம் சாம்பல் பூக்கிறதா?

மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் மினரல் ஃபவுண்டேஷன் (முகநிறத்தைச் சீராக்கப் பூசும் தாதுப் பவுடர்) போட்டால் பலருக்கு முகம் சாம்பல் பூத்தது போலாகும். எனக்கும் இதே தொல்லைதான். காரணம் டப்பாவின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு (சி.ஐ. 77891; சி.ஐ. என்பது நிறப்பொருளுக்கான அடையாள எண்), ஜிங்க் ஆக்சைடு (77947) இரண்டும் வெள்ளைப் பொடிகள். நிறம் கொடுப்பவை அயர்ன் ஆக்சைடுகள்: 77491 சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. வெள்ளை தூக்கலாக இருக்கும் கலவையில் கறுப்பை மட்டும் கூட்டினால் சாம்பல்தான் மிஞ்சும். மஞ்சள் ஓடும் ஷேடுக்கு மாறியதும் பாதி சரியானது. ஷேடு தேர்ந்தெடுக்கப் புறங்கையில் தேய்த்துப் பார்ப்பது வீண். தாடையோரம் தடவி, 10 நிமிடம் கழித்து வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கை நம்பவே கூடாது.

மீதி கைப்பக்குவம். மாய்ஸ்சரைசர் நன்றாக ஊறிய பிறகே பவுடர். ஈரத்தில் பட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். மூடியில் ஒரு சிட்டிகை கொட்டி, அடர்த்தியான கபுகி பிரஷை (குட்டைக் கைப்பிடி உள்ள மேக்கப் பிரஷ்) அதில் சுழற்றி, விளிம்பில் தட்டி உதிர்த்துவிட்டு, வட்டமாகத் தேய்க்க வேண்டும். போதாவிட்டால் இன்னொரு மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் அப்பினால் மூக்கோரத்தில் படிந்துவிடும். பொடி பறக்கும், மூச்சில் இழுக்காதீர்கள்.

வேர்த்ததும் அரித்தால் பிஸ்மத் ஆக்சிகுளோரைடு (77163) இருக்கிறதா என்று பாருங்கள். பளபளப்புக்காகச் சேர்ப்பது, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

டப்பாவில் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) போட்டிருந்தாலும் அந்தக் காப்பு கிடைக்கிற அளவுக்கு யாரும் பவுடர் பூசுவதில்லை. சன்ஸ்கிரீன் அடியில் தனியாகப் போட வேண்டும்.