சேலத்தில் உட்கார்ந்து செபாங் பார்ப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு வண்டியை வாசலில் சாய்த்துவிட்டு, "யாருடா போல்?" (அதாவது முதல் இடத்திலிருந்து ரேஸைத் தொடங்கப்போவது யார்) என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிற நண்பன் எல்லா கேங்கிலும் ஒருத்தன் இருப்பான். எங்கள் கேங்கிலும் இருக்கிறான், அவனுக்காகவும் அவனைப் போன்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். மலேசியாவின் செபாங் டிராக்கில் மோட்டோஜிபி பைக் ரேஸ் வருகிறது, இந்தத் தடவையாவது வெள்ளிக்கிழமையிலிருந்தே பாருங்கள்.

ஏன் என்று கேட்டால் 2024 செபாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பான்யாயா ஜெயித்தார், ஆரம்ப லேப்புகளில் (சுற்றுகளில்) அவரும் பட்டத்துக்கு அவரோடு மோதிய மார்ட்டினும் மாறி மாறி ஒருவரை ஒருவர் முந்தியதைப் பார்த்து நாங்கள் தொண்டை கட்டும் வரை கத்தினோம். அன்றைக்கு மட்டும் பார்த்தவனுக்கு பான்யாயாதான் ஹீரோ. ஆனால் முந்தைய நாள் ஸ்பிரிண்டில், அதாவது சனிக்கிழமை நடக்கிற குட்டி ரேஸில், அவர் கீழே விழுந்து பூஜ்யம், மார்ட்டினுக்கு முதலிடம், 12 புள்ளி. ஞாயிறு இரண்டாம் இடத்துக்கு இன்னொரு 20. கூட்டினால் மார்ட்டின் 32, ஜெயித்த பான்யாயா 25. அந்த சீசன் முழுக்கவே கதை இதுதான்: பான்யாயா 11 ஞாயிறு ரேஸ் ஜெயித்தார், மார்ட்டின் மூன்றே மூன்று, கடைசியில் 508-க்கு 498 என்று சாம்பியன் ஆனது மார்ட்டின். ஞாயிறு மட்டும் பார்த்தால் இது தலையும் புரியாது, வாலும் புரியாது.

நேரத்தைப் பொறுத்தவரை செபாங் நமக்கு வரப்பிரசாதம். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அங்கே மதியம் 3 மணி ரேஸ் என்றால் இங்கே பன்னிரண்டரை. (ஆஸ்டின் ரேஸை நினைத்துப் பாருங்கள், திங்கள் விடியற்காலை பன்னிரண்டரை, வீட்டில் யாரும் எழுந்துவிடாமல் ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.) வழக்கமான அட்டவணைப்படி வெள்ளி பன்னிரண்டரைக்கு ஒரு மணி நேரப் பிராக்டிஸ், சனி காலை எட்டேகாலுக்கு மேல், யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் க்வாலிஃபையிங், அன்றே பன்னிரண்டரைக்கு ஸ்பிரிண்ட், ஞாயிறு பன்னிரண்டரைக்கு மெயின் ரேஸ். போகிற வாரம் அதிகாரபூர்வ நேரத்தை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளியை ஒட்டி வந்துவிட்டால் டிவி கைக்குக் கிடைக்காது. 2024-இல் அப்படித்தான், வியாழன் தீபாவளி, மறுநாளே பிராக்டிஸ், ஹாலில் சிறப்புத் திரைப்படம் ஓட, நான் சமையலறைத் திட்டில் முறுக்கு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை என்ன பார்ப்பது? இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். முதல் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கடைசி 15 நிமிஷத்தில் எல்லோரும் புது சாஃப்ட் டயர் மாட்டிக்கொண்டு ஒரே லேப்பில் உயிரைக் கொடுத்து ஓட்டுவார்கள், முதல் 10 பேர் நேரடியாக க்யூ2-வுக்கு, அதாவது க்வாலிஃபையிங்கின் இரண்டாம் சுற்றுக்குப் போவதற்காக. அது சுவாரஸ்யம்தான், ஆனால் ஞாயிறு யார் ஜெயிப்பார் என்பதை அது சொல்லாது. அதற்கு முன்னால் இருக்கிற முக்கால் மணி நேரத்தைப் பாருங்கள். பழைய டயரில் ஒருவர் 1:59.8, 1:59.9, 1:59.7 என்று தையல் மெஷின் மாதிரி ஓட்டிக்கொண்டிருப்பார், இன்னொருவர் ஒரு லேப் 1:59, அடுத்தது 2:01 என்று தடுமாறுவார். அந்த முதல் ஆளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருவன் கோடு போட்ட நோட்டில் இதை எழுதி வைக்கிறான், முதலில் கிண்டல் செய்தோம், இப்போது அவன் நோட்டைப் பார்க்காமல் யாரும் பெட்டு கட்டுவதில்லை.

டைமிங் ஸ்கிரீனில் ஒரு சின்ன விஷயம். ஒரு லேப்பை நான்கு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் செக்டார் என்பார்கள். எஃப்1 கார் ரேஸ் பார்த்துப் பழகியவர்கள் ஊதாவைத் தேடுவார்கள், இங்கே அந்த செக்டாரில் எல்லோரையும்விட வேகம் என்றால் சிவப்பு, தன்னுடைய பழைய நேரத்தைவிட வேகம் என்றால் ஆரஞ்சு. நான்கு செக்டாரில் மூன்று சிவப்பு வந்து நான்காவதில் மஞ்சள் கொடி விழுந்தால் அந்த லேப்பே ரத்து. அப்போது கேரேஜில் மெக்கானிக்குகள் முகத்தைக் காட்டுவார்கள், பாவமாக இருக்கும்.

சனிக்கிழமை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மீதிப் பேர் ஓட்டுகிற க்யூ1-இல் முதல் இரண்டு பேர் க்யூ2-வுக்கு ஏறுவார்கள், அங்கே 12 பேர் மோதி முதல் நான்கு வரிசையை முடிவு செய்வார்கள். அதே கிரிட்தான் (கிளம்பும் வரிசைதான்) ஸ்பிரிண்டுக்கும் ஞாயிறுக்கும். ஸ்பிரிண்ட் பாதி தூரம், செபாங்கில் 10 லேப். டயரைக் காப்பாற்றும் கவலை குறைவு என்பதால் முதல் வளைவிலேயே அடிதடி.

பெட்டுக்கு எங்கள் விதி இதுதான், வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு போடியம் மூன்று பேரை சனி ஸ்பிரிண்ட் தொடங்குவதற்குள் குரூப்பில் போட்டுவிட வேண்டும், ஸ்பிரிண்டுக்கு அப்புறம் ஒரே ஒரு பெயரை மாற்றலாம். முடிவு அதிகாரபூர்வமாக வரும் வரை யாரும் காலரைத் தூக்கிவிடக் கூடாது. அனுபவப்பட்டுத்தான் இதைச் சேர்த்தோம். 2025 கத்தாரில் வின்யாலெஸ் இரண்டாவதாக வந்தார், ஆனால் முன் டயர் காற்றழுத்தம் விதிக்குக் கீழே போனதால் 16 நொடி கூட்டி 14-ஆவது இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் மேல் கட்டியிருந்தவன் அதற்குள் ஸ்டேட்டஸே போட்டுவிட்டான்.

அடுத்தது போன். என் சித்தப்பா மகன் மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறான், செபாங் ரேஸுக்கு நேரில் போய்விடுவான். அங்கே பின்பக்க நேர்ச்சாலையும் மெயின் நேர்ச்சாலையும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் கிராண்ட்ஸ்டாண்ட், இரண்டையும் சேர்ப்பது கடைசி கொண்டை ஊசி வளைவு. அதாவது முந்துவது பெரும்பாலும் அவன் கண்முன்னால்தான். நமக்கு ஸ்ட்ரீம் அரை நிமிஷத்துக்கு மேல் தாமதம். அவனிடமிருந்து "ஐயோ" என்று மெசேஜ் வரும், இங்கே திரையில் எல்லோரும் ஜம்மென்று ஓட்டிக்கொண்டிருப்பார்கள், அடுத்த அரை நிமிஷம் யார் விழப்போகிறார் என்று வயிற்றில் புளியைக் கரைக்கும். அதனால் ரேஸ் முடியும் வரை எல்லா போனும் டேபிளில் கவிழ்த்து.

செபாங்கில் மதியத்துக்கு மேல் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. வெள்ளைக் கொடி காட்டிவிட்டால் ரைடர்கள் பிட்டுக்குள் வந்து மழை டயர் மாட்டிய இன்னொரு பைக்கில் தாவி ஏறிப் போகலாம், அந்த நேரம் டீ போட எழுந்து போகிறவனை நாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை. நம் ஊரிலும் அது வடகிழக்குப் பருவமழைக் காலம்தான். கரண்ட் போனால் வைஃபையும் சேர்ந்து போகும், இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டைப் பிடியுங்கள், இரண்டு வெவ்வேறு சிம்மில் டேட்டா வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ரூம் போட்டுப் பார்க்கலாமே என்று ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன் கேட்பான். ஒரு தடவை போனோம். மூடுபனி, குளிர், மிளகாய் பஜ்ஜி, எல்லாம் அருமை, கடைசி மூன்று லேப்பில் திரையில் அந்த வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை இறங்கும்போது. கண்ணுக்குள் ரைடர் மார்க்கெஸ் வளைவில் சாய்ந்துகொண்டிருக்க, கீழே 20 கொண்டை ஊசி வளைவுகள். ரைடர்கள் போட்டிருக்கிற சூட்டில் ஏர்பேக் கட்டாயம், விழுந்தால் சரளைக்கல் படுகை. நமக்கு விழுந்தால் தடுப்புச் சுவர், எதிரே வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு ஏறி வரும் பஸ். போவதென்றால் ராத்திரி தங்கிவிட்டு காலையில் இறங்குங்கள்.

சாப்பாடு? செபாங் என்றால் மதிய நேரம், பிரியாணி பதினொன்றரைக்கே வந்துவிட வேண்டும், அதற்கு முன்னால் நடக்கிற அடுத்த கட்ட ரேஸான மோட்டோ2 முடிந்து மோட்டோஜிபி தொடங்கும் இடைவெளியில் இலையை எடுத்துவிடலாம். பெட்டில் தோற்றவன் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும். கடை சாயங்காலம்தான் போடுவார்கள், அதுவும் வசதியாகப் போயிற்று, தள்ளுவண்டி முன்னால் நின்றுகொண்டு பீட்ரூட் கேரட் துருவலும் சட்னியும் வழிய வழிய முழு ரேஸையும் இன்னொரு தடவை வாயாலேயே ஓட்டிவிடலாம். சீசனின் கடைசி ரேஸ் ஸ்பெயினில் வந்தால்தான் சிக்கல், நமக்கு மாலை ஆறரை ஆகிவிடும். செட்டை முன்னாடியே வாங்கி வைத்தால் பத்து நிமிஷத்தில் நமத்துவிடும், அதனால் தட்டுவடை தனி, துருவல் தனி, சட்னி தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.