பாங்காக் நெரிசலில் சிக்காமல் போக ஒரு படகு

பாங்காக்கின் பழைய நகரத்திலிருந்து கடைவீதிப் பகுதிகளான சியாம் அல்லது பிராதுநாம் போக டாக்ஸி, டுக்டுக் எல்லாம் வேண்டாம். சான்சேப் கால்வாயில் ஓடும் பயணிகள் படகில் ஏறுங்கள். வாட் சாகேத் கோயிலுக்கு அருகில் உள்ள பான்ஃபா படித்துறையில் புறப்படும். சியாமுக்கு ஹுவா சாங் படித்துறையில் இறங்கி நடக்கலாம். பிராதுநாமைத் தாண்டிப் போகிறவர்கள் அங்கே வேறு படகுக்கு மாற வேண்டும்.

சாலை ஸ்தம்பித்து நிற்கும் மாலை நேரத்திலும் கால்வாயில் சிக்னல் கிடையாது, அதனால் படகு நெரிசலில் நிற்காமல் போகும். கட்டணமும் டாக்ஸியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நடத்துநர் படகின் விளிம்பில் நடந்து வந்து வசூலிப்பார், 20 பாட் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட, வேலைக்கும் பள்ளிக்கும் போகிற நகரவாசிகளோடு உட்கார்ந்து, வீடுகளின் கொல்லைப்புறங்களைப் பார்த்துக்கொண்டே போவது சுற்றுலாப் படகில் கிடைக்காத அனுபவம். தண்ணீர் தெறிக்கும், நாற்றமும் உண்டு. நடுவில் உட்காருங்கள், ஓரத்தில் இடம் கிடைத்தால் கயிற்றை இழுத்துப் பக்கத்துத் திரையை உயர்த்திக்கொள்ளலாம்.

பெரிய பெட்டியோடு வருகிறவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இது சரிவராது. படகு துறையில் சில நொடிகள்தான் நிற்கும், சட்டென்று கால் வைத்து ஏற வேண்டும். இரவு நேரத்தில் சேவை இல்லை. வாட் அருண் கோயிலுக்குப் போகவும் இது உதவாது; அதற்குச் சாவோ பிரயா ஆற்றுப் படகுதான்.